வீரபத்திரன் வெட்டிய ஈசானிய மூலை

வருஷத்தில் முன்னூற்று அறுபத்து நான்கு நாள் வீரபத்திரன் வெறும் ரோடு மேஸ்திரி. காக்கி அரைக்கால் சட்டை, தோளில் மண்வெட்டி, பின்னால் ஆறு ஆள். பள்ளம் விழுந்த இடத்தில் சரளை கொட்டுவார், ஜல்லி பரப்புவார், யாராவது சைக்கிளோடு விழுந்தால் வாங்கிக் கட்டிக்கொள்வார். மிச்சமிருக்கும் அந்த ஒரு நாள் வைகாசித் தேர். அன்றைக்கு அவர் தலையில் கோயில் பரிவட்டம் கட்டுவார்கள். ஊர்ப் பெரிய மனிதர்கள் ஒதுங்கி நிற்க, பட்டுத்துணி சுற்றிய தலையோடு தேருக்கு முன்னால் நிற்பார். அன்றைக்குப் பார்த்தால் ஆள் ஒரு முழம் வளர்ந்தது போல இருக்கும்.

அந்த மரியாதை அவருக்கு வந்தது எங்கள் கோயிலின் வடகிழக்கு மூலையால். ஈசானிய மூலை என்போம். வடக்கு வீதியில் கிழக்கே வருகிற தேர் அங்கேதான் தெற்கே திரும்ப வேண்டும். மற்ற மூன்று மூலையிலும் தேர் மணிக்கணக்கில் நிற்கும். முட்டுக்கட்டை போடுவார்கள், நெம்புவார்கள், ஒருவரை ஒருவர் திட்டுவார்கள். ஈசானிய மூலையில் மட்டும் வெண்ணெயில் கத்தி போவதுபோலத் திரும்பும். தேருக்குப் பத்து நாள் முன்னால் வீரபத்திரன் இரண்டு வண்டிச் சரளை கொண்டுவந்து, வெளிப்பக்கம் தூக்கலாகவும் உள்பக்கம் சாய்வாகவும் பரப்பி, தண்ணீர் தெளித்துத் திமிசுக் கட்டையால் இடிப்பார். அந்தச் சாய்வு அவர் கைக்கு மட்டும்தான் வரும். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் மூலையில் தேர் ஒரு நிமிஷம்கூட நின்றதில்லை.

நான் அப்போது நகராட்சியில் கட்டட அனுமதிப் பிரிவு எழுத்தர். பெயர் ஸௌந்தரராஜன், சின்னக் காஞ்சிபுரம். எங்கள் வீட்டில் எல்லாரும் கோயில் கைங்கர்யத்தில் இருக்க, நான் ஒருவன்தான் கிணறு எங்கே, கக்கூஸ் எங்கே, சாக்கடை எங்கே என்று வரைபடம் பார்த்துச் சோறு தின்றவன். வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கேலி செய்வார்கள். செய்யட்டும். எனக்கு என் வேலையில் ஒரு விதி ரொம்பப் பிடிக்கும். புதிதாகக் கட்டுகிறவர் தன் மனையில் விழுகிற மழை எந்த வழியாகப் போய் எங்கே முடிகிறது என்று படத்தில் நீலக் கோடு போட்டுக் காட்ட வேண்டும். போகிற வழியில் அது அடுத்தவர் வீட்டுக்குள் நுழையக் கூடாது. அதைப் பார்த்த பிறகுதான் தெரு வாய்க்காலில் தண்ணீர் விட அனுமதி. யார் வீட்டு மழை யார் தலையில் விடிகிறது என்று கேட்கிற விதி அது. அதைவிட நியாயமான வாக்கியத்தை நான் எந்தப் பைலிலும் பார்த்ததில்லை.

1968ஆம் வருஷம் வடக்கு வீதி நடுவில் இருந்த பெரிய தென்னந்தோப்பை அப்பாதுரை வாங்கினார். திருப்புட்குழிப் பக்கத்து விவசாயக் குடும்பம். நெல்லு மிஷின் வைத்துப் பெரிய ஆளானவர். தோப்பை வெட்டிக் கல்யாண மண்டபம் கட்டினார். ஊரே வாய்பிளக்கும் மொட்டை மாடி, ஆறு தண்ணீர்க் குழாய், முன்னால் முழுக்கச் சிமெண்டுத் தளம். ஆவணியில் திறப்பு என்று ஆறு மாதம் முன்பே ஊரெல்லாம் சொல்லிவிட்டார். மழைநீர் வெளியேற்ற அனுமதி ஒன்றுதான் பாக்கி. ஓவர்சியர் சக்ரவர்த்தி அதற்கும் குறிப்பு எழுதிவிட்டார். திருப்பருத்திக்குன்றத்திலிருந்து சைக்கிளில் வருகிற இளைஞர், சட்டைப்பையில் மூன்று நிறப் பேனா. முப்பத்தாறாம் வருஷத்துத் தெருப் படத்தை வைத்து, மண்டபத்திலிருந்து கிழக்கே ஈசானிய மூலை வழியாகக் குளம் வரைக்கும் (மூலைக்கு அப்பால் இருக்கிற கோயில் குளம்தான்) அழகாக ஒரு நீல அம்பு போட்டிருந்தார். வெள்ளிக்கிழமை கையெழுத்து.

திங்கட்கிழமை கோடை மழை பிடித்துக்கொண்டது. ஒரு மணி நேரம்தான், ஆனால் வானம் கிழிந்த மாதிரி.

மழை விட்டுக் கால் மணி ஆகியிருக்காது, வீரபத்திரன் என் மேசைக்கு முன்னால் சொட்டச் சொட்ட வந்து நின்றார். முழங்காலுக்குக் கீழே சேறு.

“சார், மண்டபத்து பைல் உங்ககிட்டதான இருக்குது?”

“இருக்கு. ஏன் மேஸ்திரி இப்படி நனைஞ்சிருக்கீர்?”

“கையெழுத்து போட வாணாம்னு சொல்லு சார். அந்தத் தண்ணி கெழக்க போவாது. மேற்கால பாவடித் தெருவுக்குப் போவுது. இப்பதான் லோகாம்பாள் ஊட்டுத் தறிக்குழிலேர்ந்து மொண்டு ஊத்திட்டு வரேன்.”

வடக்கு வீதியின் மேற்குக் கோடியில் இறங்கினால் பாவடித் தெரு. நாற்பது வீடு, நாற்பது தறி, அத்தனையும் குழித்தறி. நெய்கிறவர் தரையில் உட்கார்ந்து குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதிப்பார். வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் முதலில் நிறைவது அந்தக் குழிதான். அப்புறம் தறியில் நீளவாட்டில் ஏறியிருக்கும் பட்டு இழை, அதாவது பாவு, ஈரத்தைக் குடிக்கும், சாயம் ஒன்றோடொன்று ஓடும், இரண்டு மாத வேலை குப்பை. லோகாம்பாளும் அவள் புருஷன் முருகேசனும் முகூர்த்தச் சேலை ஒன்றைப் பாதி முடித்திருந்தார்கள். மழை நேரத்தில் வாசலில் அகப்பட்ட முதல் நகராட்சி ஆள் வீரபத்திரன். “உங்க முனிசிபாலிட்டித் தண்ணிய நீங்களே அள்ளிக்கினு போங்க!” என்று லோகாம்பாள் சட்டையைப் பிடிக்காத குறையாக இழுத்திருக்கிறாள். அவரும் குழிக்குள் இறங்கிக் குடத்தால் மொண்டு மொண்டு ஊற்றியிருக்கிறார். பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து காலில் மோதுகிறது என்று பார்த்துக்கொண்டே மழையில் நடந்திருக்கிறார். பாவடித் தெரு, வடக்கு வீதி, மண்டபம், அதையும் தாண்டி ஈசானிய மூலை வரைக்கும்.

“படத்துல கிழக்கேன்னு போட்டிருக்கே. மேற்கே எப்படித் திரும்பும்?” என்று கேட்டேன்.

“நான்தான் சார் திருப்பி வுட்டேன்.”

எனக்குப் புரியவில்லை. அவர் விரலை மேசை மேல் வைத்துக் காட்டினார். வருஷம் ஒரு விரற்கடை. இருபத்திரண்டு வருஷத்துச் சரளை. ஈசானிய மூலை ஒன்றேகால் அடி உயர்ந்துபோயிருந்தது. தேர்ச் சக்கரம் வாய்க்காலில் இறங்கிவிடக் கூடாதே என்று அந்த இடத்து வாய்க்காலையும் சேர்த்துத் தூர்த்து மேடாக்கியிருந்தார். ஈசானியம் பள்ளமாக இருக்க வேண்டும் என்பது ஊரில் எந்தக் கொத்தனாருக்கும் தெரியும். ஆனால் அது சாமி போகிற வழி ஆயிற்றே! தேர் நன்றாகத் திரும்புகிறது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டோமே தவிர, தண்ணீரும் திரும்புமே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. இத்தனை நாள் தென்னந்தோப்பு குடித்துக்கொண்டிருந்ததால் வெளியே தெரியவில்லை. இப்போது தோப்பும் போய்விட்டது.

நான் பயந்துதான் போனேன். “மேஸ்திரி, தண்ணி மேற்கே போறதுன்னு மட்டும் சொல்லும். மூலையைப் பத்தி வாயைத் திறக்காதேயும். சொன்னா அதை வெட்டணும்பா. வெட்டினா தேர் நிக்கும். அப்புறம் உமக்கு ஏது பரிவட்டம்?”

அவர் காலில் ஒட்டியிருந்த சேற்றை விரலால் வழித்துப் போட்டார். எனக்கு அந்த முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. அப்புறம், “அத்தச் சொல்லலேன்னா அவுங்க தேடிக் கண்டுபுடிக்கறதுக்குள்ள ஐப்பசி வந்துடும் சார். நாப்பது குழியும் ரொம்பிடும். நீ எழுது, நான் கையெழுத்துப் போடறேன்” என்றார். எழுதினேன். வீ, ர, ப என்று ஒவ்வொரு எழுத்தாக அழுத்திப் போட்டார்.

மறுநாள் ஓவர்சியர் அந்த ஆட்சேபணையைப் படித்துவிட்டுச் சிரித்தார். “இது அளந்து போட்ட படம், மேஸ்திரி. கால்ல தண்ணி மோதிச்சுன்னு எல்லாம் எழுத முடியுமா?”

“அப்ப நீயே அளந்து பாரு சார்.”

மட்டம் பார்க்கும் கருவி ரிப்பேருக்கு மெட்ராஸ் போயிருந்தது. வர ஒரு மாதமாம். அப்பாதுரை அதற்குள் செய்தி கேட்டு வந்துவிட்டார். அவர் குரல் அறைக்குள் நுழைந்த பிறகுதான் அவரே நுழைவார். “எங்க தாத்தா காலத்துலேர்ந்து அந்தத் தெருத் தண்ணி கொளத்துக்குத்தான்யா போவுது! சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். ஒரு ரோடு மேஸ்திரி சொன்னான்னு என் மண்டபத்த நிறுத்துவீங்களா?”

வீரபத்திரன் கைகட்டியே நின்றார், ஆனால் குரல் இறங்கவில்லை. “கோச்சுக்காதீங்க மொதலாளி. உங்க மாடிலேர்ந்தே தண்ணி வுடலாம். தண்ணியவே கேட்டுடலாம்.”

ஓவர்சியருக்கு அது பிடித்துவிட்டது. இளம் ரத்தம்! சனிக்கிழமை காலை ஏழு மணி என்று அங்கேயே நாள் குறித்தார். தண்ணீர் கிழக்கே போனால் வீரபத்திரன் தன் ஆட்சேபணையை எல்லார் முன்னாலும் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். மேற்கே போனால் அனுமதி நின்றுவிடும். அதுவரை பைலில் யாரும் கை வைக்கக் கூடாது.

சனிக்கிழமை விடிந்தபோது வடக்கு வீதியில் திருவிழாக் கூட்டம். மண்டபத்து மாடிக் குழாய் ஆறையும் கோணிச்சாக்கால் அடைத்து, கிணற்று மோட்டாரைப் போட்டு மாடியில் ஒரு சாண் தண்ணீர் தேக்கியிருந்தார்கள். தண்ணீர் போகிற வழி கூட்டத்துக்குத் தெரிய வேண்டுமே! சாயப் பட்டறை பரசுராமன் மிச்சமிருந்த அரக்குச் சாயத்தை நான்கு குடம் தூக்கிவந்து மாடியில் கலக்கினார். “நாப்பது சேலைக்கு ஆவுற செவப்புபா!” என்று மேலிருந்து கத்தினார். கீழே பந்தயம் நடந்துகொண்டிருந்தது. பைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றேன். எதற்காக அதைத் தூக்கிக்கொண்டு போனேன் என்று இன்றுவரை தெரியாது.

ஓவர்சியர் கையசைத்தார். சாக்கைப் பிடுங்கினார்கள். ஆறு குழாயும் ஒரே சமயத்தில் சிவப்பாகக் கொட்டின. சிமெண்டுத் தளம் முழுக்கப் பரவி, வாசல் தாண்டி, தெரு வாய்க்காலில் விழுந்து, கிழக்கே திரும்பியது!

“போவுது பாரு! கெழக்கத்தான் போவுது!” அப்பாதுரை துண்டைத் தூக்கிச் சுழற்றினார். அவர் ஆட்கள் விசிலடித்தார்கள். சிவப்புத் தண்ணீர் பத்தடி போயிற்று, இருபதடி போயிற்று, முப்பதடி. நான் வீரபத்திரனைப் பார்த்தேன். அவர் தண்ணீரைப் பார்க்கவில்லை, தூரத்து மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு மட்டும் ஏதோ எண்ணிக்கொண்டிருந்தது.

நாற்பதடியில் தண்ணீர் நின்றது. முன்னால் போன நுனி அசையவில்லை. பின்னால் வந்தது அதன்மேல் ஏறியது. வாய்க்கால் நிறைந்து தெருவில் வழிந்து, ஒரு சின்னக் குளமாகத் தேங்கியது. விசில் நின்றுபோயிற்று. அப்புறம் அந்தச் சிவப்பு மெதுவாக, மிக மெதுவாக, எங்கள் பக்கமே திரும்பி வந்தது. என் செருப்பை நனைத்தது. மண்டபத்து வாசலைத் தாண்டியது. தாண்டியதும் அதற்கு வேகம் வந்துவிட்டது.

“மேற்கால! மேற்கால!” என்று கூட்டம் கூவிக்கொண்டு கூடவே ஓடியது. ஓவர்சியர் பேண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரை முந்த ஓடினார். நானும் பைலோடு ஓடினேன். கடைசி வளைவில்தான் ஒரு சங்கதி எல்லாருக்கும் உறைத்தது. காலை வேளை! பாவடித் தெருவில் அப்போதுதான் ஒரு பாவு இழையை நீளத்துக்குக் கட்டியிருந்தார்கள். மஞ்சள் பட்டு, தெருக் கோடியிலிருந்து கோடி வரை, குறுக்குக் கழிகளில் தாழ்வாக. சிவப்பு ஒரு சொட்டுத் தெறித்தால் போச்சு.

“தூக்குங்க! பாவத் தூக்குங்க!” என்று லோகாம்பாள் வீறிட்டாள். வீட்டுக்கு இரண்டு பேர் பாய்ந்து வந்தார்கள். கழிக்கு இரண்டு கை. கூட ஓடிவந்த நாங்களும் பிடித்தோம். எனக்குப் பக்கத்துக் கழியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவர் யார் என்று பார்த்தால், அப்பாதுரை! முழங்கால் வரை வெள்ளை வேட்டி சிவந்திருந்தது. எங்கள் காலுக்கு நடுவே அவர் மாடித் தண்ணீர் ஓடி, லோகாம்பாள் போட்டிருந்த மணல் மூட்டையில் முட்டி, அதையும் தாண்டி வாசற்படி ஏறியது. குழிக்குள் அது விழுகிற சத்தம் வெளியிலேயே கேட்டது.

பாவில் ஒரு சொட்டுப் படவில்லை. இறக்கிக் கட்டியதும் அப்பாதுரை மூச்சு வாங்கினார். “சரிய்யா. கண்ணால பாத்துட்டேன். நான் இன்னா கட்டணும், சொல்லு. ஆனா அந்த மூலைய யார் வெட்றது?”

“நான் கொட்டினது மொதலாளி. நானே வெட்றேன்” என்றார் வீரபத்திரன்.

திங்கட்கிழமை புது உத்தரவை நானே டைப் அடித்தேன். மகிழ்ச்சியில் விரல் துள்ளிற்று. மண்டபத்தார் சிமெண்டுத் தளத்தில் பாதியை உடைத்து மண்ணாக விட வேண்டும், அதில் பழையபடி தென்னை வைக்க வேண்டும். தண்ணீர் வெளியே போகுமுன் சேறு தங்கத் தொட்டி கட்ட வேண்டும். ஈசானிய மூலையில் குளம் வரைக்கும் கருங்கல் மூடிய வாய்க்கால் போட வேண்டும். ஒவ்வொரு வருஷமும் ஐப்பசிக்கு முன் தூர் எடுத்துக் காட்டினால்தான் அனுமதி அடுத்த வருஷத்துக்கு நீளும். ஓவர்சியர் தானே பைலைக் கேட்டு வாங்கிப் பழைய நீல அம்பை அடித்து, கீழே எழுதினார்: ‘மேஸ்திரி சொன்னது சரி.’ அரசாங்கப் பைலில் அப்படி ஒரு வரி வேறு எங்கும் இருக்காது.

கோயில் தர்மகர்த்தா கலியாணசுந்தரம் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். “தேருக்கு இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்குது. அந்த மூலையில தேர் நின்னுதுன்னா, பரிவட்டம் கேட்டுக்கினு என்கிட்ட வராத” என்றார். வீரபத்திரன் தலையை ஆட்டினார்.

சாமி வழியை வெட்டுவதா என்று ஆறு ஆளும் தயங்கினார்கள். முதல் கடப்பாரையை அவரே போட்டார். குறுக்கே வெட்டியதும் இருபத்திரண்டு வருஷமும் அடுக்கு அடுக்காகத் தெரிந்தது. “இது பாலாத்து மணலு, சரளை கெடைக்காத வருஷம். இது பழைய சத்திரம் இடிச்ச செங்கல்லு. இது எம் பொண்ணு கல்யாணத்து வருஷம், அவசரத்துல சரியா இடிக்கல பாரு” என்று எனக்குக் காட்டினார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கண் நனைந்திருந்தது, நான் பார்த்தேன். பதினாறாம் நாள் கல் வாய்க்கால் முடிந்தது. சாய்வெல்லாம் போய், மூலை பள்ளமாகக் கிடந்தது.

தேரன்று சாயங்காலம் நான்கு மணிக்குத் தேர் ஈசானிய மூலைக்கு வந்தது. வந்தது, நின்றது. இழுத்தார்கள். நெம்பினார்கள். முட்டுக்கட்டை மாற்றினார்கள். ஒரு மணி நேரம் ஆயிற்று. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை! கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. சிலர் வீரபத்திரனைக் காட்டியே பேசினார்கள். வருஷா வருஷம் மூலை திரும்பியதும் அவருக்குக் கட்டுகிற பரிவட்டத்தை, மடித்தபடியே அர்ச்சகர் கையிலிருந்து கலியாணசுந்தரம் வாங்கித் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டார். வீரபத்திரன் வெறுந்தலையோடு ஓரமாக நின்றார். நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

அப்போதுதான் இடி இடித்தது. அடுத்த நிமிஷம் மழை, அன்றைக்கு அந்தத் திங்கட்கிழமை பெய்தாற்போலவே வானம் கிழிந்த மழை. வடம் பிடித்தவர்கள் நனைந்துகொண்டே நின்றார்கள். மண்டபத்துப் பக்கத்திலிருந்து தெருத் தண்ணீர் மொத்தமும் கலங்கலாக வந்தது. தேர்ச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு, மூலையில் இறங்கி, கல் வாய்க்காலுக்குள் கடகடவென்று பாய்ந்தது.

“கெழக்க போவுது!” வீரபத்திரன் போட்ட கூச்சலில் நான் திடுக்கிட்டுப் போனேன். “சார், பாரு சார், கெழக்க போவுது!” தேரிலிருந்து விழுந்த செவ்வந்திப் பூ ஒன்று தண்ணீரில் சுழன்று வாய்க்காலுக்குள் மறைந்தது. ஐம்பது வயது மனிதர், சின்னப் பிள்ளை மாதிரிக் குளத்தங்கரைக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். குளத்துப் படிக்கட்டில் வாய்க்கால் வாய் திறக்கிற இடத்தில் குனிந்து காத்திருந்தார். பூ வந்து விழுந்தது. படியில் நின்று குதித்தார், இரண்டு கையையும் தட்டிக்கொண்டு குதித்தார்.

தெருக் கோடியிலிருந்து லோகாம்பாள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு மழையில் ஓடிவந்தாள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு, தேரைத் தாண்டி, நேரே குளத்தங்கரைக்கு வந்தாள்.

“மேஸ்திரி! குழி காஞ்சி கெடக்குது! உள்ள எறங்கி ஒக்காந்து பாத்துட்டு வந்தேன், காலு நனையல!”

வீரபத்திரன் குதிப்பதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். மழையில் அவர் கண்ணீர் தெரியவில்லை, குரலில்தான் தெரிந்தது.

“இன்னொரு தபா சொல்லும்மா.”

அவள் சொன்னாள். மறுபடியும் கேட்டார், மறுபடியும் சொன்னாள். பின்னால் தேர் இன்னும் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.